இங்கிலாந்து வாழ்க்கை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. முதல் ஐந்து ஆண்டுகள் வடக்கே லீட்ஸில், அதன்பிறகு லண்டனின் வடமேற்கு மூலையில் உள்ள ஹாரோவில். மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். எதைப் பார்த்தாலும் குறை சொல்கிறாய் என்று வீட்டில் திட்டுவதற்கு அதுதான் காரணம். ஊரிலிருந்து அழைக்கிற சித்தப்பா முதல், விசா கிடைத்துப் பெட்டி கட்டுகிற நண்பரின் மகன் வரை எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வற்றுவதைவிட எழுதிவிடுவது மேல். எல்லாம் என் சொந்தக் கருத்துகள். என் பக்கத்து வீட்டுக்காரரே இவற்றில் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இங்கிலாந்தா, பிரிட்டனா? எப்படிச் சொல்வது?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நின்றுகொண்டு "இங்கிலாந்து அழகாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். கடைக்காரர் மீதிச் சில்லறையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி அரசாங்கம் இருக்கிறது. பள்ளி, மருந்துச் சீட்டுக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். கீழே நான் சொல்வது பெரும்பாலும் இங்கிலாந்துக்குப் பொருந்தும்.

போனவுடன் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

அவர்கள் ஆங்கிலத்தை. நாம் படித்துவிட்டு வந்த ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பொருள் உண்டு. இவர்கள் ஆங்கிலத்தில் சொல் ஓரிடத்தில் இருக்கும், பொருள் இன்னோரிடத்தில் இருக்கும். "இன்ட்ரஸ்டிங்" என்றால் பெரும்பாலும் "வேண்டாம்". "நாட் பேட்" என்றால் பிரமாதம். "யூ ஆல்ரைட்?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் உங்களைக் கடந்து போனால், அவர் உங்கள் முதுகுவலியைப் பற்றி விசாரிக்கவில்லை. நீங்களும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு நடக்க வேண்டியதுதான்.

நான் எழுதிய முதல் அறிக்கையை மேலாளர் "குவைட் குட்" என்றார். நம் பள்ளிக்கூடக் கணக்குப்படி அது "மிகவும் நன்று". அன்று மாலையே அம்மாவை அழைத்துச் சொன்னேன். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, இங்கே அது "சுமார், பரவாயில்லை" என்ற அளவில் நிற்கிற சொல் என்று. அம்மாவிடம் இன்றுவரை திருத்திச் சொல்லவில்லை.

டீ பற்றி அவ்வளவு பேசுகிறார்களே, நம் டீயைவிட நன்றாக இருக்குமா?

இருக்காது. ஒரு கோப்பையில் டீ பையைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, பையைப் பிழிந்து எடுத்துவிட்டுக் கொஞ்சம் பச்சைப்பால் விடுவார்கள். பாலைக் காய்ச்சுவதில்லை, ஆற்றுவதில்லை, நுரை கிடையாது. ஆனால் இதற்கும் ஒரு தரநிலை ஆவணம் இருக்கிறது! சுவை பார்ப்பவர்களுக்காக டீயை எப்படித் தயாரிக்க வேண்டும் என்று 1980இல் பிரிட்டிஷ் தரநிலை அமைப்பு எண் 6008 என்ற ஆவணத்தையே வெளியிட்டது. பால் முதலிலா பிறகா என்ற சண்டை அதன்பிறகும் ஓயவில்லை.

எச்சரிக்கை ஒன்று. வடக்கே "டீ" என்றால் இரவுச் சாப்பாடு. லீட்ஸில் அலுவலக நண்பர் ஒருவர் "சனிக்கிழமை ஆறு மணிக்கு டீக்கு வாருங்கள்" என்று அழைத்தார். வெறும் டீதானே, வந்து சாப்பிட நேரமாகிவிடும் என்று வீட்டில் நான்கு தோசை தின்றுவிட்டுப் போனேன். போனால் மேசையில் வறுத்த கோழி, உருளைக்கிழங்கு, காரட், பட்டாணி, குழம்பு ஊற்றும் குடுவை. அவருடைய அம்மா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்கத் தெரியவில்லை. அன்றிரவு நின்றுகொண்டே தூங்கியிருக்கலாம்.

சாப்பாடு மட்டம் என்கிறார்களே?

பாதி உண்மை. காரமும் புளிப்பும் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் போடுகிற இறைச்சி ரோஸ்ட்டைக் குறை சொல்பவர் அதை ஒழுங்காகச் சாப்பிட்டிராதவர். அதன் தட்டில் யார்க்‌ஷயர் புட்டிங் என்று ஒன்று வரும். பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைக்கக் கூடாது. மைதா, முட்டை, பால் மூன்றையும் தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, அடுப்புக்குள் புகைகிற கொழுப்பில் ஊற்றினால் கிண்ணம்போல் உப்பி எழும். நடுவில் குழம்பை நிரப்பிச் சாப்பிட வேண்டும். லீட்ஸ்காரர்களுக்கு அது மதத்துக்கு அடுத்தபடி.

கறிக்கடைகள் தனிக் கதை. 'இந்தியன்' என்று பலகை மாட்டிய பழைய உணவகங்களில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்தவர்கள். 2001இல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாதான் பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று ஒரு சொற்பொழிவில் அறிவித்தார். நம் பங்கு அதற்கு முந்தையது. 'மல்லிகடானி' என்ற பெயரில் ஒரு சூப் இங்கே உண்டு. மிளகுத்தண்ணீர் என்ற சொல்லை மெட்ராஸில் இருந்த வெள்ளைக்காரர்களின் நாக்கு அப்படி மென்றுவிட்டது. அதில் இறைச்சி போடுகிறார்கள், ஆப்பிள்கூடப் போடுகிறார்கள். நான் சுவைத்தவற்றில் மிளகைத்தான் காணவில்லை.

நான் சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், நன்றாகவே முடியும். கடைகளில் சைவ உணவுக்குக் குறியீடு இருக்கும், உணவகங்களில் தனிப் பட்டியலே இருக்கும். பெயர்களை மட்டும் நம்பாதீர்கள். 'மின்ஸ் பை' என்பது கேட்க இறைச்சிபோல் இருக்கும், உள்ளே உலர்ந்த பழம். 'பிளாக் புட்டிங்' கேட்கப் பலகாரம்போல் இருக்கும், உள்ளே இரத்தம். இரண்டாவது எச்சரிக்கை, சிப்ஸ், அதாவது பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள். வடக்கே மீனும் சிப்ஸும் விற்கிற பல கடைகளில் இன்றும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். கேட்டால் மறைக்காமல், பெருமையாகவே சொல்வார்கள். நான் கேட்காமல் ஓராண்டு சாப்பிட்டேன்.

மார்மைட் என்றால் என்ன?

பீர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிற கருப்புக் குழம்பு. 1902 முதல் பர்ட்டன் நகரத்தில் தயாராகிறது. தார் போல இருக்கும், உப்புக் கரிக்கும். நம்மவர்கள் ஜாம் என்று நினைத்து ரொட்டியில் வழிய வழியப் பூசிவிட்டு அலறுகிறார்கள். ஊறுகாயை எப்படித் தொட்டுக்கொள்வோமோ அப்படி. வெண்ணெய் தடவி, அதன்மேல் மெல்லிய கோடாக. எனக்குப் பிடிக்கும்.

குடிக்காதவன் பப்புக்குப் போகலாமா?

போகலாம், போகவும் வேண்டும். அலுவலகத்தில் யார் எதற்கு எதிர் என்பது கூட்டத்தில் தெரியாது, வெள்ளிக்கிழமை மாலை பப்பில் தெரியும். எலுமிச்சைச் சாறு விட்ட சோடா கேளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது 'ரவுண்ட்' முறை. ஆறு பேர் போனால் ஒருவர் எழுந்து ஆறு பேருக்கும் வாங்கி வருவார், அடுத்த சுற்று அடுத்தவர். உங்கள் முறை வந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நீங்கள் எழவில்லை என்பதை ஐந்து பேரும் பத்து ஆண்டுகளுக்கு மறக்க மாட்டார்கள். முதல் சுற்றையே நீங்கள் வாங்கிவிடுங்கள், அப்போதுதான் சீக்கிரம் கிளம்பலாம்.

கவுண்டரில் வரிசை கிடையாது, அதுவும் ஒரு வியப்பு. வரிசைக்குப் பெயர் போன நாட்டில் பப்பில் மட்டும் கும்பலாக நிற்பார்கள். ஆனால் யார் யாருக்குப் பின்னால் வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பரிமாறுகிறவர் தவறாக உங்களிடம் கேட்டால், "அவர் எனக்கு முன்னால் வந்தார்" என்று கையைக் காட்ட வேண்டும். அந்த ஒரு கையசைவில் நீங்கள் இந்த ஊர்க்காரர் ஆகிவிடுவீர்கள். பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர். பெட்ரோலை லிட்டரில் விற்கிறவர்கள் பீரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

கைகழுவும் தொட்டியில் ஏன் இரண்டு குழாய்?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு நேரம் காத்திருந்தேன். இடப்பக்கம் கொதிக்கிற நீர், வலப்பக்கம் பனிக்கட்டி நீர், இரண்டும் ஒரு சாண் தள்ளி. ஒரு கை வேகும், மறுகை மரத்துப்போகும். காரணம் இருக்கிறது. குளிர்நீர் நேரே தெருக்குழாயிலிருந்து வரும், குடிக்கலாம். சுடுநீர் பரணில் இருந்த தொட்டியிலிருந்து இறங்கியது. அந்தத் தொட்டியில் எலியோ புறாவோ விழுந்திருக்கலாம். அந்த நீர் பின்னோக்கி ஏறி ஊர்க் குடிநீரில் கலந்துவிடக் கூடாது என்று விதி வைத்துப் பிரித்தார்கள். புதிய வீடுகளில் ஒரே குழாய் வந்துவிட்டது.

பழைய வீட்டில் வளர்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். அடைப்பானை வைத்துத் தொட்டியில் இரண்டு நீரையும் நிரப்பி, அதிலேயே முகம் கழுவிக்கொள்வார்களாம். சோப்பு நுரை மிதக்கிற அதே நீரில். சொம்பில் மொண்டு ஊற்றி வளர்ந்தவனுக்கு இது புரியவே புரியாது. நான் சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கொண்டுவந்து தொட்டியருகே வைத்தேன். பதினைந்து ஆண்டுகளாக அது அங்கேதான் இருக்கிறது. குவளை மட்டும் மூன்று முறை மாறியது.

பப்ளிக் ஸ்கூல் இலவசமா?

ஐயோ. 'பப்ளிக் ஸ்கூல்' என்பது இங்கிலாந்தில் மிகப் பழைய, மிக விலை உயர்ந்த தனியார் பள்ளி. ஈட்டன் பள்ளியை 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் எழுபது ஏழைச் சிறுவர்களுக்காகத் தொடங்கினார். இன்று அங்கே ஆண்டுக் கட்டணம் ஐம்பதாயிரம் பவுண்டைத் தாண்டும். இருபது பிரதமர்கள் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். பணம் கட்டினால் எந்த ஊர்ப் பையனும் சேரலாம் என்பதால் 'பொது'. சொல் ஓரிடம், பொருள் ஓரிடம் என்றேனே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அரசுப் பள்ளி இலவசம். பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் அங்கேதான் படிக்கிறார்கள். நான்கு வயது முடிந்த பிறகு வரும் செப்டம்பரில் சேர்க்கலாம். இடம் கிடைப்பது வீட்டின் தூரத்தைப் பொறுத்தது. நல்ல பள்ளி என்றால் வாசலிலிருந்து நேர்கோட்டில் அளப்பார்கள். அதனால் நல்ல பள்ளியைச் சுற்றிய தெருக்களில் வாடகை ஏறிக்கிடக்கும். கட்டணம் இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அதை வீட்டுக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருப்போம்.

பதினாறு வயதில் ஜிசிஎஸ்இ தேர்வு. அதற்குப் பிறகு ஏ லெவல் என்ற கடைசி இரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பெரும்பாலும் மூன்றே பாடங்கள். இயற்பியல், கணக்கு, வரலாறு என்று எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை படிக்கலாம். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிடிக்காதது பதினொரு வயதுத் தேர்வு. இங்கிலாந்தில் கிராமர் பள்ளி என்ற வகை அரசுப் பள்ளிகள் 163 எஞ்சியிருக்கின்றன, அவற்றுக்கு நுழைவுத்தேர்வு உண்டு. எட்டு வயதிலேயே சனிக்கிழமை டியூஷனுக்கு அனுப்புகிற பெற்றோரில் நம்மவர்கள் ஏராளம். என்னையும் கேட்டார்கள். மறுத்துவிட்டேன், அதற்காக ஒரு கோயில் திருவிழாவில் இரண்டு பேர் என்னிடம் பரிதாபமாகப் பேசினார்கள்.

பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர் சொல்வதையும் மொழிபெயர்க்க வேண்டும். "உங்கள் மகள் தன் எண்ணங்களை வகுப்போடு பகிர்ந்துகொள்வதில் ஆர்வமாக இருக்கிறாள்" என்றார் ஒருமுறை. நான் பூரித்துப்போனேன். வீட்டுக்கு வரும் வழியில் மகளே சொன்னாள்: "அப்பா, நான் ஓயாமல் பேசுகிறேன் என்று சொல்கிறார்."

அரசியல் சட்டப் புத்தகமே இல்லாமல் எப்படி ஆட்சி நடக்கிறது?

சட்டங்கள் உண்டு, தீர்ப்புகள் உண்டு, மரபுகள் உண்டு. எல்லாம் சேர்ந்த ஒரே புத்தகம்தான் இல்லை. 'அப்படிச் செய்ய மாட்டார்கள்' என்ற நம்பிக்கையில் வண்டி ஓடுகிறது. பப்பில் உங்கள் முறை வந்தது உங்களுக்கே தெரிய வேண்டும் என்பதுபோல, பிரதமருக்கும் தன் நேரம் முடிந்தது தானே தெரிய வேண்டும். 2022இல் மட்டும் மூன்று பிரதமர்களைப் பார்த்தோம். நடுவில் வந்த லிஸ் டிரஸ் 49 நாட்கள் இருந்தார். அவர் நீடிப்பாரா, கடையில் வாங்கிய ஒரு லெட்யூஸ் கீரை வாடாமல் நீடிக்குமா என்று ஒரு நாளிதழ் கீரைக்குக் கண்ணும் டோப்பாவும் வைத்து நேரலையில் காட்டியது. கீரை வென்றது. இத்தனைக்கும் நடுவே அசையாமல் இருந்தது, 2011 முதல் பிரதமர் இல்லத்தில் எலி பிடிக்கிற பதவி வகிக்கும் லாரி என்ற பூனை.

தேர்தல் முறை நம் ஊர் முறைதான், நமக்கு அது இங்கிருந்து வந்தது. அதன் குறையும் அதேதான். 2024இல் தொழிற்கட்சி மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய வாக்குகளுடன், 650 இடங்களில் 400க்கு மேல் பிடித்தது.

எனக்கு அங்கே ஓட்டு உண்டா?

உண்டு! இதைப் பலர் நம்புவதே இல்லை. இந்தியா, இலங்கை உள்ளிட்ட காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவுடன் இங்கே குடியிருந்தால், நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். உள்ளாட்சி மன்றத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2023 முதல் புகைப்பட அடையாளமும் காட்ட வேண்டும், ஊர்ப் பாஸ்போர்ட் போதும்.

வாக்குச்சாவடி என்றால் போலீஸ், நீண்ட வரிசை, விரலில் மை என்று எதிர்பார்த்துப் போனேன். ஒரு தேவாலயக் கூடம், மடக்கு மேசை, இரண்டு மூதாட்டிகள், பிஸ்கட் தட்டு. நூலில் கட்டிய பென்சிலால் சிலுவைக்குறி போட வேண்டும். பென்சில்! அழித்துவிட்டால்? கேட்கவில்லை. கேட்டிருந்தால் "இன்ட்ரஸ்டிங்" என்றிருப்பார்கள். இன்னொன்றும் பிடிக்கும்: 2019இல் எங்களுக்கு அடுத்த அக்ஸ்பிரிட்ஜ் தொகுதியில் பிரதமர் போரிஸ் ஜான்சன், தலையில் குப்பைத்தொட்டி கவிழ்த்த ஒரு வேட்பாளருடன் ஒரே மேடையில் நின்று முடிவைக் கேட்க வேண்டியிருந்தது. ஐந்நூறு பவுண்டு வைப்புத்தொகை கட்டினால் அந்த மேடை யாருக்கும் உண்டு.

மருத்துவம் இலவசம்தானே?

விசாவுடன் பெரும்பாலான பெரியவர்களிடம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள், அதன்பிறகு மருத்துவரைப் பார்ப்பது இலவசம். காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போடச் சொல்வார்கள். உயிர் போகிற ஆபத்து என்றால் ஓடி வருவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வந்தால் காத்திருக்க வேண்டும். என் மூட்டுவலிக்குத் தேதி வந்த நாளில் வலி போயிருந்தது.

கணினித் துறையில் அமெரிக்காவுக்கு முன் பிரிட்டன் எங்கே?

இப்போது பின்னால். ஆனால் தொடக்கத்தில் முன்னால், அதுவும் யாரும் எதிர்பார்க்காத ஆட்கள். நான் தினமும் ஏறுகிற மெட்ரோபாலிட்டன் ரயில் டாலிஸ் ஹில் நிலையத்தை நிற்காமல் கடக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அஞ்சல் துறையின் ஆராய்ச்சிக்கூடம் அங்கேதான் இருந்தது. டாமி ஃபிளவர்ஸ் என்ற தொலைபேசிப் பொறியாளர் ஜெர்மானியச் சங்கேதங்களை உடைக்கக் கொலோசஸ் மின்னணு இயந்திரத்தை அங்கே கட்டினார். போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். 1970கள் வரை அது ரகசியம்.

அடுத்தவர்கள் டீக்கடைக்காரர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜே. லயன்ஸ் நிறுவனம் நாடெங்கும் டீக்கடைகள் நடத்தியது. கேக் என்ன விலைக்கு அடங்குகிறது, எந்தக் கடைக்கு எத்தனை என்ற கணக்கு அவர்களுக்கு ஓயாத தலைவலி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினித் திட்டத்துக்கு மூவாயிரம் பவுண்டு கொடுத்து உதவிவிட்டு, அதே மாதிரியில் தாங்களே ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். பெயர் லியோ. 1951 நவம்பரில் அது தன் பேக்கரிக் கணக்கைப் போட்டது. வணிக வேலையை வழக்கமாகச் செய்த உலகின் முதல் கணினி அதுதான்.

பிறகு 1985இல் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் ஆர்ம் என்ற கணினிச் சில்லை உருவாக்கி முடித்தார்கள். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க அளவி வைத்தால் முள் பூஜ்யத்தில் நின்றதாம், சில்லோ ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் மின்இணைப்பே சரியாகத் தரப்படவில்லை என்று தெரிந்தது. மற்றக் கம்பிகளில் கசிந்த மின்சாரத்திலேயே அது வேலை செய்திருக்கிறது. உங்கள் கையில் இருக்கிற தொலைபேசிக்குள் இருப்பது பெரும்பாலும் அதன் வம்சம்.

அஞ்சலகக் கணினி ஊழல் என்கிறார்களே, அது என்ன?

சோதனைப் பணியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லித்தரும் கதை. 1999 முதல் கிளை அஞ்சலகங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொடுத்தார்கள். அது காட்டிய பற்றாக்குறையை, பணத்தை எடுத்தது அஞ்சலகக்காரர்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீட்டை விற்று இல்லாத கடனைக் கட்டினார்கள். அவர்களில் தெற்காசியக் குடும்பத்தினர் நிறையப் பேர். அந்த நேரம் பார்த்து, கணினிச் சான்றைக் கொண்டுவருபவர் அது ஒழுங்காக இயங்கியது என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றிருந்த பழைய சட்டப்பிரிவையும் நீக்கியிருந்தார்கள். இயந்திரம் சரி என்றே நீதிமன்றம் தொடங்கும். முன்னாள் அஞ்சலகக்காரர் ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் வழக்குப் போட்டு, 2019இல்தான் மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024இல் தனிச்சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

லியோவைக் கட்டிய டீக்கடைக்காரர்களின் கணினிப் பிரிவு கைமாறி, 1968இல் ஐசிஎல் என்ற பிரிட்டிஷ் கணினி நிறுவனத்துக்குள் கலந்தது. ஹொரைசனை எழுதியதும் ஐசிஎல்தான், அப்போது அது ஜப்பானிய நிறுவனமான ஃபுஜிட்சுவின் கையில் இருந்தது. கேக் கணக்கைச் சரியாகப் போட்ட வீடு, தபால்தலைக் கணக்கைத் தவறாகப் போட்டது. எங்கள் தெருமுனை அஞ்சலகத்தில் பார்சல் அனுப்பப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அம்மையார் திரையைப் பார்த்துவிட்டு, ஒரு நோட்டில் பேனாவாலும் எழுதிக்கொள்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

குடை கொண்டுவரட்டுமா?

வேண்டாம். மழை இங்கே மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வரும். காற்று குடையைத் திருப்பிவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு ஒன்றை இங்கே வந்து வாங்குங்கள். 2024 மே 22 அன்று பிரதமர் ரிஷி சூனக் தேர்தல் தேதியை அறிவிக்க வீட்டு வாசலில் வெறும் கோட்டோடு நின்றார், பேசி முடிப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டார். வீட்டுக்குள்ளிருந்தே அறிவித்திருக்கலாம். ஆனால் வாசலில் நின்றுதான் அறிவிப்பது வழக்கம்.